உருவம் ஒன்று, அளவு வேறு

தறி பிடிப்போரும் ஏர் பிடிப்போரும் ஒருங்கே கூடி நடத்துவது நம் கூட்டுறவு இயக்கம். இவ்விரு தொழிலாளருக்கும் பொதுவான கருவி எது என்று கேட்டால், பலர் யோசிக்கக்கூடும். தறிக்கும் கலப்பைக்கும் ஒற்றுமை இல்லைதான். ஆயினும் அளவுகோல் இருவர் கையிலும் இருக்கிறது. நெசவாளர் பாவையும் ஊடையையும் அளக்கிறார். குடியானவர் நிலத்தையும் நீரையும் அளக்கிறார். அளவில் பிழை நேர்ந்தால் உழைப்பு முழுவதும் வீணாகும் என்பதும் இருவரும் அனுபவத்தில் கண்ட உண்மையே.

அளவைக் கணக்கில் ஒரு சிறு பகுதியை இங்கே விளக்க முற்படுகிறோம். ஜியோமிதி நூல்களில் இதனை ‘வடிவொப்புமை’ என்று கூறுவர். பள்ளிப் பிள்ளைகளுக்கு உரிய பாடம் என்று இதனை ஒதுக்கிவிட வேண்டாம். நிலத்தின் புலப்படத்தைச் சரியாகப் படிக்கவும், புடவையின் புட்டா உருக் கெடாமல் அமையவும், பண்ணைக் குட்டையின் செலவை முன்கூட்டி மதிப்பிடவும் இது ஒன்றே அடிப்படை.

வடிவொப்புமை என்றால் என்ன?

ஒரு மாங்காய்ப் புட்டாவைச் சிறிதாக வரைகிறோம். அதையே இரு மடங்கு பெரிதாகவும் வரைகிறோம். அளவு மாறினாலும் இரண்டும் ஒரே மாங்காய்தான் என்று கண் உடனே சொல்லிவிடுகிறது. இவ்வாறு உருவம் ஒன்றாகவும் அளவு வேறாகவும் உள்ளவற்றை வடிவொத்த உருவங்கள் என்கிறோம். அளவும் ஒன்றாகவே இருந்தால் அவை சர்வசம உருவங்கள்.

கண் சொல்வது மட்டும் போதாது. கணக்கிலும் அது நிலைக்க வேண்டும். அதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. முதலாவது, ஓர் உருவத்தின் கோணங்கள் மற்றதன் ஒத்த கோணங்களுக்குச் சமமாக இருக்க வேண்டும். இரண்டாவது, ஒத்த பக்கங்கள் யாவும் ஒரே விகிதத்தில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் இரு மடங்கானால் எல்லாப் பக்கங்களும் இரு மடங்காக வேண்டும். ஒன்று கூட விலக்கு ஆகலாகாது.

இரண்டு நிபந்தனைகள் எதற்கு, ஒன்று போதாதா என்ற ஐயம் எழுவது இயற்கை. தறியின் சட்டத்தை நோக்குவோம். நான்கு மரங்களைச் சதுரமாகப் பொருத்தி, குறுக்குச் சட்டம் அடிக்காமல் விட்டால், நாளடைவில் சட்டம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அப்போதும் நான்கு மரங்களின் நீளம் மாறவில்லை. ஆனால் கோணங்கள் மாறிவிட்டன. சதுரமாக இருந்தது சாய்சதுரமாகிவிட்டது. ஆகவே பக்க விகிதம் ஒத்திருப்பது மட்டும் போதாது. இனி, ஒரு துண்டையும் ஒரு வேட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் பார்ப்போம். இரண்டிலும் நான்கு மூலைகளும் நேர்கோணங்களே. ஆயினும் வேட்டி நீண்டது. துண்டைச் சீராகப் பெரிதாக்கினாலும் வேட்டியின் உருவம் வராது. ஆகவே கோணம் ஒத்திருப்பது மட்டும் போதாது.

முக்கோணத்தின் தனிச்சிறப்பு

இவ்விதிக்கு ஓர் அரிய சலுகை முக்கோணத்திற்கு மட்டும் உண்டு. முக்கோணத்தில் மேற்சொன்ன இரண்டு நிபந்தனைகளில் ஒன்று நிறைவேறினால், மற்றொன்று தானே நிறைவேறிவிடும். மூன்று கோணங்களும் ஒத்திருந்தால் பக்கங்கள் ஒரே விகிதத்தில் அமைந்தே தீரும். மூன்று பக்கங்கள் ஒரே விகிதத்தில் இருந்தால் கோணங்கள் ஒத்தே தீரும். மூன்று மரங்களை முனையோடு முனை ஆணியடித்துச் சேர்த்துப் பார்த்தால் இதன் காரணம் விளங்கும். மரம் முறிந்தாலன்றி அந்தச் சட்டம் சாயாது. தச்சர் தறிச் சட்டத்திற்குக் குறுக்குச் சட்டம் அடிப்பதும், கூரைக்கு முக்கோணமாக மரங் கட்டுவதும் இதனாலேயே.

கொத்தனார் வீட்டுக்கு மூலை பார்ப்பதையும் காணலாம். ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி அளந்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று பார்க்கிறார். வந்தால் மூலை நேர். பெரிய கட்டிடமானால் 6 அடி, 8 அடி, 10 அடி என்று கொள்கிறார். இவ்விரு முக்கோணங்களும் வடிவொத்தவை. ஆகவே இரண்டும் அதே நேர்கோணத்தைத் தருகின்றன. பெரியதை எடுப்பதில் நன்மை யாதெனில், கயிறு பிடிப்பதில் நேரும் அரை விரற்கடைப் பிழை பெரிய முக்கோணத்தில் கோணத்தை அவ்வளவாகக் கெடுப்பதில்லை.

ஏறாமல் அளக்கும் தென்னை

ஆனைமலை வட்டாரத்தில் தென்னந்தோப்புக்குக் குறைவில்லை. ஒரு மரத்தின் உயரத்தை ஏறாமலே அறிய வேண்டுமானால், வெயில் உள்ள வேளையில் ஒரு கோலும் ஓர் அளவு நாடாவும் போதும்.

சமமான தரையில் 1 மீட்டர் நீளமுள்ள கோலை நேராக நடுக. அதன் நிழல் 80 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதே நேரத்தில் தென்னையின் நிழலை அடிமரத்திலிருந்து அளக்க, 14.4 மீட்டர் வருகிறது. சூரியன் மிகத் தொலைவில் இருப்பதால் அதன் கதிர்கள் கோலின் மீதும் மரத்தின் மீதும் ஒரே சாய்வில் விழுகின்றன. கோலும் மரமும் தரைக்கு நேர்கோணத்தில் நிற்கின்றன. ஆகவே கோலும் அதன் நிழலும் ஆக்கும் முக்கோணமும், மரமும் அதன் நிழலும் ஆக்கும் முக்கோணமும் வடிவொத்தவை. 14.4 மீட்டரை 0.80 மீட்டரால் வகுக்க 18 கிடைக்கிறது. மரத்தின் உயரம் 18 மீட்டர்.

கோலின் நிழலை அளக்கையில் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக, 81 என்று படித்துவிட்டால், மரம் 17.78 மீட்டராகத் தெரியும். அதாவது 22 செ.மீ. குறையும். கோல் 2 மீட்டர் நீளமுள்ளதாக இருந்திருந்தால் அதே ஒரு சென்டிமீட்டர்ப் பிழையால் 11 செ.மீ. மட்டுமே குறையும். சிறிய உருவத்தைக் கொண்டு பெரியதை அளக்கும்போது, சிறியதில் செய்த பிழையும் அதே மடங்கில் பெருகும் என்பதை மறவாதிருக்க வேண்டும். மரம் சாய்ந்து வளர்ந்திருந்தாலோ தரை மேடுபள்ளமாக இருந்தாலோ இம்முறை சரியான விடை தராது.

கிரேக்க நாட்டு அறிஞர் தேல்ஸ் என்பார் இம்முறையிலேயே எகிப்து நாட்டுப் பிரமிடின் உயரத்தைக் கண்டார் என்று பழைய வரலாறு கூறும். ஏறக்குறைய 2,600 ஆண்டுகளுக்கு முன் பிரமிடுக்கு உதவிய முறை இன்று தென்னைக்கும் உதவுகிறது.

இறங்காமல் அளக்கும் ஆறு

ஆழியாற்றின் அகலத்தை நீரில் இறங்காமல் அறிய வேண்டும் எனக் கொள்வோம். எதிர்க்கரையில் ஒரு மரத்தைக் குறித்துக்கொண்டு, அதற்கு நேர் எதிரே இக்கரையில் ஒரு முளை அடிக்க. அங்கிருந்து கரையோரமாக நேர்கோட்டில் 20 மீட்டர் நடந்து இரண்டாவது முளை அடிக்க. அதே கோட்டில் மேலும் 5 மீட்டர் சென்று மூன்றாவது முளை அடிக்க. இனி ஆற்றுக்கு முதுகு காட்டி, கரைக்கு நேர்கோணத்தில் நடக்க. இரண்டாவது முளையும் எதிர்க்கரை மரமும் ஒரே கோட்டில் மறையுமிடத்தில் நிற்க. மூன்றாவது முளையிலிருந்து அவ்விடம் 6.5 மீட்டர் எனில், ஆற்றின் அகலம் அதன் நான்கு மடங்கு, அதாவது 26 மீட்டர். 20 மீட்டர் 5 மீட்டருக்கு நான்கு மடங்கு ஆனதால், அகலமும் நான்கு மடங்கு ஆயிற்று. குழாயோ கம்பியோ ஆற்றைக் கடக்க வேண்டியவர்கள் இதனைச் செய்து பார்க்கலாம்.

நாட்டையே அளந்த முக்கோணங்கள்

இந்த எளிய முறையே இந்தியா முழுவதையும் அளக்கப் பயன்பட்டது. அதன் தொடக்கம் நம் தமிழகத்தில் என்பது நாம் பெருமையுடன் நினைக்கத்தக்கது. 1802ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலப் படை அதிகாரி, சென்னை பரங்கிமலையருகே ஏறத்தாழ 7½ மைல் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டை எஃகுச் சங்கிலியால் அளந்தார். சங்கிலி வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும் என்பதால் வெப்பத்தையும் குறித்துக்கொண்டே அளக்க வேண்டியிருந்தது.

அக்கோட்டின் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள ஒரு குன்றை நோக்கிக் கோணங்களை மட்டும் அளந்தால், முக்கோணத்தின் உருவம் முழுவதும் நிலைபெற்றுவிடுகிறது. ஒரு பக்கத்தின் நீளம் தெரிந்தமையால் மற்ற இரு பக்கங்களும் கணக்கில் வந்துவிடுகின்றன. அப்பக்கங்களின் மீது அடுத்த முக்கோணம். அதன் மீது அதற்கடுத்தது. இவ்வாறு குன்றிலிருந்து குன்றுக்கும், கோபுரத்திலிருந்து கோபுரத்துக்கும் முக்கோணங்கள் படர்ந்தன. வழியில் பிழை சேர்கிறதா என்று பார்க்க, இடையிடையே புதிய அடிக்கோடுகளை நேராக அளந்து கணக்குடன் ஒப்பிட்டனர். அத்தகைய சோதனைக் கோடு ஒன்று 1806ஆம் ஆண்டில் நம் கோயமுத்தூர்ப் பகுதியிலும் அளக்கப்பட்டது.

கோணம் அளக்கும் தியோடலைட் கருவி அரை டன் எடையுள்ளது. 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மீது ஏற்றுகையில் அது மோதிச் சேதமுற்றது. லாம்டன் அதனைத் தாமே பல வாரங்கள் முயன்று செப்பனிட்டார். கோணம் பிழைபட்டால் முக்கோணம் பிழை; முக்கோணம் பிழைபட்டால் நாட்டின் படமே பிழை என்பதை அவர் அறிந்திருந்தார். ஆனைமலைத் தொடரின் உச்சியான ஆனைமுடி 2,695 மீட்டர் உயரமுள்ளது என்பது போன்ற செய்திகளை நாம் அறிவதற்கு வித்திட்டது இத்தகைய அளவைப் பணியே.

படத்தில் நிலம்

இனி நமக்கு மிக அண்மையில் உள்ள பொருளுக்கு வருவோம். உங்கள் நிலத்தின் புலப்படம் என்பது உங்கள் நிலத்திற்கு வடிவொத்த ஒரு சிறு உருவமே. எத்தனை மடங்கு சிறியது என்பதைக் கூறுவதே அளவுத்திட்டம். 1:2000 என்று எழுதியிருந்தால், தாளில் 1 செ.மீ. தரையில் 2,000 செ.மீ., அதாவது 20 மீட்டர் என்று பொருள்.

ஆங்கிலேயர் காலத்தில் 66 அடி நீளமுள்ள சங்கிலியால் நிலம் அளந்தனர். சங்கிலிக்கு 100 கண்ணி. 10 சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். ஆயிரம் சதுரக் கண்ணி ஒரு சென்ட். ஒரு மைலுக்கு 16 அங்குலம் என்ற திட்டத்தில் வரைந்த கிராமப் படங்களில் 1 அங்குலம் 330 அடியையும், ஒரு சதுர அங்குலம் 2½ ஏக்கரையும் குறிக்கும். 1956ஆம் ஆண்டின் எடை, அளவைத் தரச் சட்டத்திற்குப் பின் மெட்ரிக் முறை படிப்படியாக வந்தது. பழைய படத்தில் கண்ணிகளும் புதிய படத்தில் மீட்டர்களும் இருக்கக் காண்போர், இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது. 500 கண்ணி என்பது 100.6 மீட்டர் அளவே.

இன்று பட்டாவையும் புலப்படத்தையும் அரசின் இணையச் சேவையின் வழியே வீட்டிலிருந்தே பெறலாம். இது பெரிய வசதி. ஆனால் இவ்வசதியில் ஒரு பொறியும் இருக்கிறது. ஒரு நிலம் 1:2000 படத்தில் 8 செ.மீ. நீளமும் 5 செ.மீ. அகலமும் உள்ள நீள்சதுரம் என்க. தரையில் அது 160 மீட்டருக்கு 100 மீட்டர். பரப்பு 16,000 சதுர மீட்டர், 1.6 ஹெக்டேர், ஏறத்தாழ 3 ஏக்கர் 95 சென்ட். அச்சிடும் கடையில் தாளுக்குள் அடங்க வேண்டும் என்பதற்காகப் படத்தை நூற்றுக்குத் தொண்ணூறாகச் சுருக்கி அச்சிட்டுவிட்டனர். இப்போது தாளில் 7.2 செ.மீ., 4.5 செ.மீ. உருவம் மாறவில்லை, கோணங்கள் மாறவில்லை, ‘1:2000’ என்ற எழுத்தும் அப்படியே இருக்கிறது. ஆனால் அந்த எழுத்து பொய்யாகிவிட்டது. அதை நம்பி அளவுகோல் வைத்துப் பெருக்குவோருக்கு 144 மீட்டர், 90 மீட்டர், 12,960 சதுர மீட்டர் என்று வரும். ஏறத்தாழ 3 ஏக்கர் 20 சென்ட். முக்கால் ஏக்கர் நிலம் காகிதத்தில் காணாமற் போயிற்று!

வாங்குவோரும் விற்போரும் இத்தகைய தாளை நடுவில் வைத்துப் பேசினால் மனத்தாங்கல் வராமல் என்ன செய்யும்? பங்காளிகளிடையே பாகப் பிரிவினை நடக்கையில் இப்பிழை நேர்ந்தால், ஒரு தலைமுறைக்குப் பகை நிலைக்கும். இதனைத் தவிர்க்கும் வழி எளிது. புலப்படத்தில் கோடுகளின் மீது மீட்டர் அளவுகள் எண்ணால் எழுதப்பட்டிருக்கும். தாள் சுருங்கினாலும் எண் சுருங்காது. 160 என்று எழுதிய கோட்டை அளவுகோலால் அளக்க. 8 செ.மீ. இருந்தால் தாள் சரி. 7.2 செ.மீ. இருந்தால், 160ஐ 7.2ஆல் வகுத்து, 1 செ.மீ. 22.2 மீட்டர் என்று புதுத் திட்டத்தைத் தெரிந்துகொள்க.

கைப்பேசியில் சாய்வாக நின்று எடுத்த புகைப்படமோ இதனினும் ஆபத்தானது. அதில் தாளின் எட்டிய பக்கம் குறுகியும் கிட்டிய பக்கம் அகன்றும் விழுகிறது. அங்கே விகிதமும் இல்லை, கோணமும் இல்லை; வடிவொப்புமையே கெட்டுவிட்டது. அத்தகைய படத்தை எவ்வாறு பெருக்கினாலும் உண்மை நிலம் வராது.

மற்றொன்றும் கூறவேண்டும். பென்சிலால் இட்ட கோட்டின் தடிப்பு அரை மில்லிமீட்டர் இருக்கும். 1:2000 படத்தில் அது தரையில் 1 மீட்டர். ஆகவே வரப்புத் தகராற்றைத் தாளின் மீது அளவுகோல் வைத்துத் தீர்க்க இயலாது. நில அளவர் நிலத்தை மூலைக்கோடுகளால் முக்கோணங்களாகப் பிரித்து, செங்குத்து அளவுகளையும் எழுதி வைப்பது இதற்காகவே. அவ்வெண்களைக் கொண்டே மறைந்த எல்லைக் கல்லின் இடத்தை மீண்டும் காண முடியும். படம் உருவத்தைக் காட்டும். எண்ணே எல்லையைக் காட்டும்.

நீளமும் பரப்பும்

மேலே கண்ட கணக்கில் நீளம் நூற்றுக்குப் பத்து குறைந்தது. ஆனால் பரப்பு நூற்றுக்குப் பத்தொன்பது குறைந்தது. காரணம், பரப்பு என்பது நீளத்தையும் அகலத்தையும் பெருக்கியது. இரண்டிலும் குறைவு நேர்ந்தது. 0.9ஐ 0.9ஆல் பெருக்கினால் 0.81 ஆகும்.

ஆகவே விதி இது: நீளங்கள் எத்தனை மடங்கு ஆகின்றனவோ, பரப்பு அதன் வர்க்க மடங்கு ஆகும். நீளம் இரு மடங்கானால் பரப்பு நான்கு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. 1:2000 படத்தில் 1 செ.மீ. 20 மீட்டர் எனில், ஒரு சதுர செ.மீ. 400 சதுர மீட்டர். இதனை 20 சதுர மீட்டர் என்று தவறாகக் கொள்வோர் பலர். சொட்டு நீருக்கோ கிணற்றுக்கோ குழாய் வாங்குகையிலும் இதே விதி நிற்கும். உள்விட்டம் 2 அங்குலமுள்ள குழாயைவிட 4 அங்குலக் குழாயின் வாய் நான்கு மடங்கு பெரிது. இரண்டு 2 அங்குலக் குழாய்கள் ஒரு 4 அங்குலக் குழாய்க்கு ஈடாகா.

நெசவாளர் கவனத்திற்கு

நெகமம் முதலிய ஊர்களில் புடவை நெய்யும் நம் அங்கத்தினர்களுக்கு வடிவொப்புமை அன்றாட விஷயம். கட்டமிட்ட தாளில் புட்டாவை வரைந்து, கட்டத்துக்குக் கட்டம் பார்த்து ஜக்கார்டு அட்டை குத்துகிறோம். ஒரு குறுக்குக் கட்டம் ஒரு பாவு இழை. ஒரு நெடுக்குக் கட்டம் ஓர் ஊடை இழை.

அங்குலத்திற்குப் பாவு 80 இழை, ஊடை 60 இழை உள்ள துணியில் 1 அங்குல வட்டம் நெய்ய வேண்டும் என்க. சதுரக் கட்டத்தாளில் குறுக்கே 80, நெடுக்கே 80 கட்டங்கள் கொண்ட அழகிய வட்டம் வரைந்தோம். தறியில் நெய்தால் குறுக்கே 1 அங்குலம் வரும். நெடுக்கே 80 ஊடைக்கு 1⅓ அங்குலம் வந்துவிடும். தாளில் இருந்த வட்டம் துணியில் முட்டையாயிற்று. நெசவும் பிழையில்லை, அட்டையும் பிழையில்லை. குறுக்கே ஒரு விகிதமும் நெடுக்கே ஒரு விகிதமும் ஆனதே குற்றம்.

இதற்குப் பரிகாரம், துணியின் விகிதத்திலேயே தாளைத் தேர்வது. 80க்கு 60 என்பது 8க்கு 6. ஆகவே ஒரு பெரிய சதுரத்தில் குறுக்கே 8, நெடுக்கே 6 என்று பிரித்த தாளில் வரைந்தால், தாளில் கண்ட உருவமே துணியிலும் வரும். ஒரு கொக்கி ஒன்றுக்கு மேற்பட்ட இழைகளைத் தூக்குமானால், இழைக்குப் பதிலாகக் கொக்கிகளை எண்ணிக்கொள்ள வேண்டும்.

இருக்கும் அட்டையையே வேறு அச்சில் பயன்படுத்த விரும்புவோரும் இதனைக் கருத வேண்டும். 160 பாவு, 120 ஊடை கொண்ட புட்டா, 80க்கு 60 துணியில் 2 அங்குலச் சதுரத்தில் அமையும். அதே அட்டையை 100 பாவுள்ள துணிக்கு மாற்றி, ஊடையை 60 ஆகவே விட்டால், அகலம் 1.6 அங்குலமும் உயரம் 2 அங்குலமுமாகப் புட்டா ஒடுங்கிவிடும். ஊடையை 75 ஆக உயர்த்தினால் இரு பக்கமும் 1.6 அங்குலமாகி, உருவம் சிதையாது. 80க்கு 60 எவ்வளவோ, 100க்கு 75 அவ்வளவு.

விலை பேசுகையிலும் இக்கணக்கு நம்மைக் காக்கும். புட்டாவை இரு மடங்கு பெரிதாக்கித் தருமாறு ஒரு வியாபாரி கேட்கிறார். சரிகைக்கு இரு மடங்கு விலை தருவதாகவும் சொல்கிறார். ஒப்புக்கொள்ளலாமா? இழை நெருக்கம் மாறாமல், 1 அங்குலச் சதுரத்தை நிறைத்து நெய்யும் புட்டாவுக்கு 60 ஊடை, ஒவ்வொன்றும் 1 அங்குலம். மொத்தம் 60 அங்குலச் சரிகை. 2 அங்குலப் புட்டாவுக்கு 120 ஊடை, ஒவ்வொன்றும் 2 அங்குலம். மொத்தம் 240 அங்குலம். சரிகை நான்கு மடங்கு செல்கிறது. இரு மடங்கு விலைக்கு இசைந்தவர் ஒவ்வொரு புட்டாவிலும் பாதிச் சரிகையைத் தம் கையிலிருந்து கொடுத்தவராவார்.

கொள்ளளவும் கூட்டுறவும்

பரப்புக்கு வர்க்க மடங்கு என்று கண்டோம். கொள்ளளவுக்கோ கன மடங்கு. நீளம், அகலம், ஆழம் மூன்றும் இரு மடங்கானால் கொள்ளளவு எட்டு மடங்கு ஆகும்.

பண்ணைக் குட்டை ஒன்றை உதாரணமாகக் கொள்வோம். கணக்கு எளிதாகும் பொருட்டு, சுவர்கள் செங்குத்தானவை என்று வைத்துக்கொள்வோம். 10 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழமுள்ள குட்டை 200 கன மீட்டர் நீர் கொள்ளும். அதன் தரைக்கு 100, நான்கு சுவர்களுக்கு 80, ஆக 180 சதுர மீட்டர் விரிப்பு வேண்டும். எல்லா அளவுகளையும் இரு மடங்காக்கினால், நீர் 1,600 கன மீட்டர். விரிப்பு தரைக்கு 400, சுவர்களுக்கு 320, ஆக 720 சதுர மீட்டர். நீர் எட்டு மடங்கு. விரிப்போ நான்கு மடங்குதான்.

அடுத்தடுத்த நிலமுடைய எட்டுப் பேர் தனித்தனியே எட்டுச் சிறு குட்டைகள் அமைத்தால் 1,440 சதுர மீட்டர் விரிப்பு வாங்க வேண்டும். எண்மரும் கூடி ஒரே பெருங்குட்டை அமைத்தால் அதே நீருக்கு 720 சதுர மீட்டர் போதும். செலவு பாதி. எட்டுக் குட்டைகளும் 800 சதுர மீட்டர் நிலத்தை விழுங்கும். பெருங்குட்டை 400 சதுர மீட்டரோடு நிற்கும். வெட்டியெடுக்கும் மண் இரண்டிலும் ஒன்றே. ஆழம் மிகுந்ததால் கரைச் சரிவும் வேலியும் உரிய முறையில் அமைய வேண்டும் என்பது மட்டுமே கூடுதல் பொறுப்பு. கூடி வாழ்ந்தால் கோடி நன்மை என்ற முதுமொழிக்கு ஜியோமிதியும் சான்று கூறுகிறது.

நாம் செய்யத்தக்கவை

அங்கத்தினர்கள் மூன்று பழக்கங்களைக் கைக்கொண்டால் போதும். எந்தப் படம் கைக்கு வந்தாலும், அதில் எண்ணால் எழுதிய ஒரு கோட்டை முதலில் அளந்து, அளவுத்திட்டம் மெய்தானா என்று சோதிக்க வேண்டும். எதைப் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ முனைந்தாலும், இரு திசையிலும் ஒரே விகிதம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விலையோ செலவோ பேசும்போது, பொருள் நீளத்தால் செலவாகிறதா, பரப்பால் செலவாகிறதா, கொள்ளளவால் செலவாகிறதா என்று கேட்டு, அதற்கேற்ப மடங்கு கணக்கிட வேண்டும். ஐயமுள்ள புலப்படத்தை நில அளவரிடம் காட்டித் தெளிவு பெறாமல் கிரயப் பத்திரத்தில் கையொப்பமிட வேண்டாம்.

வரும் ஞாயிறன்று உங்கள் வீட்டுப் பிள்ளைகளைத் தோப்புக்கு அழைத்துச் சென்று, ஒரு கோலை நட்டு, தென்னையின் உயரத்தைக் காணச் சொல்லுங்கள். ஒரு முறை கையால் அளந்து கண்டவர்கள் விகிதத்தை மறக்கமாட்டார்கள். நாளை அவர்கள் தறியில் அமர்ந்தாலும் வயலில் இறங்கினாலும், அளவில் எவரும் அவர்களை ஏமாற்ற இயலாது.